ஒத்து ஊதுகிறவர்கள்

பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப் பாதையில், மாரிக்குப்பத்துக்கு முந்தைய ஸ்டேஷன் சாம்பியன். கர்நாடக மண்தான், ஆனால் இறங்கியதும் காதில் விழுவது தமிழ். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் சாம்பியன் ரீப்ஸ்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கியது. மேற்பார்வைக்கு ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர், இத்தாலியர். பாறையை உடைக்கத் தமிழர்.

அந்த இத்தாலியர்களின் நாட்டில் ஒரு வாத்தியம் உண்டு: ஸம்போன்யா. ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி, ஒரே மரக்கட்டையில் பொருத்திய குழல்கள் வழியே விடுவார்கள். இரண்டு குழல்களில், கைக்கு ஒன்றாக, விரல்கள் ஓடும். மற்றவற்றை விரல் தொடாது. அவை ஒரே ஸ்வரத்தில் நின்று ஒலிக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் மலையிலிருந்து இடையர்கள் இறங்கிவந்து நகரத் தெருக்களில் வாசிப்பது வழக்கம்.

நமக்கும் இது புதிதல்ல. ஆந்திரத்தின் தித்தி, தோல் பையில் சுருதி சேர்க்கும் கருவி. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து. பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும். ராகம் வாசிக்க முடியாது. சில துளைகளை மெழுகால் அடைத்து சுருதி கூட்டிக்கொள்வார்கள். பை கிடையாது, ஊதுகிறவரின் கன்னமே பை. மூக்கால் மூச்சை இழுத்தபடியே வாயால் ஊத வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

இத்தனைக்கும் 'ஒத்து ஊதுகிறான்' என்பது தமிழில் ஏச்சு. கைதட்டல் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும்தான். பிறகு சுருதிப் பெட்டி வந்தது, அப்புறம் மின்சாரப் பெட்டி. ஒத்துக்காரருக்கு வேலை போயிற்று.

சாம்பியன் ரீப்ஸுக்கும் ஒரு சுருதி இருந்தது. ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு. இடையில் ஓயாத இயந்திர இரைச்சல். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று சைனைடு குன்றுகளும் துருப்பிடித்த இரும்பும் மிச்சம். விடியற்காலை ரயிலில் கூட்டம் கூட்டமாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பின் திரும்புகிறார்கள்.

தங்கத்தின் பெயர் ஊருக்கு நிலைத்தது. அடியில் நின்று மூச்சுப் பிடித்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை. ஒத்து நின்ற பிறகுதான், அது ஒலித்துக்கொண்டிருந்ததே கேட்கிறது.