பட்டன் தெரிந்தால் போதுமா சேர்?

"ஒன்லைன் வகுப்பா? அந்தக் கதையெல்லாம் கொரோனாவோட முடிஞ்சுதே" என்று சொல்கிறவர்களை ஒரு வார இறுதியில் பொல்கொல்லைப் பக்கம் கூட்டிப்போக வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி பிராந்திய நிலையம் அங்கேதான் இருக்கிறது. கடையிலும் பாடசாலையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களின் இடம் அது. அவர்களுடைய படிப்பில் பெரிய பங்கு வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கிறது. பேராதனையில் வெளிவாரிப் பட்டம் படிக்கிறவர்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான்.

உள்வாரி மாணவர்களுக்காவது கதை முடிந்ததா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள். ஜூனில் பெட்ரோல் இல்லாமல் நாடே நின்றது. வகுப்புகள் மறுபடி போனுக்குள் போயின. கொரோனா இல்லாவிட்டால் வேறொன்று வரும். நம் நாட்டில் காரணத்துக்குப் பஞ்சமில்லை.

இதில் நாங்கள் இரண்டு பக்கமும் இருந்தவர்கள். 2020இல் மாணவர்களாகத் திரைக்கு இந்தப் பக்கம். பிறகு எங்களில் மூன்று பேர் கண்டிப் பக்கத்துப் பீடம் ஒன்றில் 'டெம்பரரி'யாகச் சேர்ந்தோம். நியமனக் கடிதத்தில் இல்லாத வேலை ஒன்றும் கூடவே வந்தது: விரிவுரையாளர்களுக்கு ஒன்லைன் பாடம் தயாரிக்க உதவுவது. "நீங்க இளம் பிள்ளைகள், உங்களுக்குத் தெரியும்தானே" என்பதுதான் எங்கள் தகுதி. அந்த வேலையில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச் நடுவில் பல்கலைக்கழகங்கள் மூடியபோது, தொழில்நுட்பப் பக்கம் வியக்கிற வேகத்தில் எழுந்து நின்றது. 'லேர்ன்' என்று சொல்லப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு பேராதனை வளாகத்தில்தான் இயங்குகிறது. அதன் வழியாக அரச பல்கலைக்கழகங்களுக்கு சூம் கிடைத்தது. பல்கலைக்கழகத் தளங்களைப் பார்க்க டேட்டாக் காசு எடுக்காமல் விட தொலைபேசி நிறுவனங்கள் சம்மதித்தன. அது இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் அந்த செமஸ்டரை முடித்திருக்க மாட்டோம்.

ஆனால் குழாய் போட்டாச்சு, தண்ணீர் என்ன ஆனது? அதே மார்ச்சில் அமெரிக்காவில் சில கல்வியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்போது எல்லோரும் செய்யப்போவதை 'ஒன்லைன் கல்வி' என்று சொல்லாதீர்கள், 'அவசரத் தொலைக் கற்பித்தல்' என்று சொல்லுங்கள் என்றார்கள். ஒரு பாடத்தை ஒழுங்காக ஒன்லைனுக்கு அமைக்க வழக்கமாக 6 முதல் 9 மாதம் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. இங்கே சேர்மாருக்குக் கிடைத்தது சில வாரங்கள்.

அந்தச் சில வாரங்களில் நடந்த பயிற்சிகளில் நாங்கள் பார்த்தவை எல்லாம் பட்டன் பயிற்சிகள். ஸ்கிரீன் ஷேர் எப்படி, மியூட் எப்படி, மாணவர்களைக் குழுவாகப் பிரிப்பது எப்படி. தேவைதான். ஆனால் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு சேர் ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "பட்டன் எல்லாம் தெரியும் தம்பி. அந்தப் பக்கம் பிள்ளையள் இருக்கினமோ எண்டுதான் தெரியேல்ல." அவருக்கு முன்னால் 90 கறுப்புக் கட்டங்கள் இருந்தன.

அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? கண்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் மலை. ஹந்தானைக்குப் பின்னால் கலஹா, தெல்தோட்டை. 1867இல் தேயிலை முதன்முதலில் வியாபாரமாகப் பயிரான லூல்கந்துர தோட்டம் அந்தப் பக்கம்தான். ஒன்றரை நூற்றாண்டாக ஊருக்கெல்லாம் தேயிலை அனுப்பும் மலைக்கு சிக்னல் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. வகுப்புக்கே வராத ஒரு தங்கச்சியிடம் போனில் கேட்டோம். "எங்க லயத்துல டவர் இல்லண்ணே. மேல கோயில்கிட்ட போனாத்தான் கெடைக்கும். மழ பேஞ்சா அதுவும் இல்ல. போனும் தம்பிக்கு ஸ்கூல் இருந்தா அவனுக்குத்தான்." வருகைப் பதிவில் அவளுக்கு எதிரே இருந்ததோ வெறும் பூச்சியம். அந்தப் பாடத்தை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த சேரிடம் ஒரு பின்னேரம் கேட்டு வாங்கினோம். லேப்டாப் வேண்டாம், ஒரு வெள்ளைத் தாளும் பிளேன்டீயும் போதும் என்றோம்.

முதல் கேள்வி நேரத்தைப் பற்றியது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவருடைய 50 மணிநேர உழைப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 150 மணிநேரம். சேருடைய விரிவுரை 45 மணிநேரம்தான். மிச்சம் 105 மணிநேரம் பிள்ளை என்ன செய்யும்?

"வாசிப்பாங்கள்" என்றார்.

"தமிழ்ல என்ன இருக்கு சேர் வாசிக்க?"

பட்டியலை எடுத்துப் பார்த்தோம். 12 புத்தகம், தமிழில் 2. அந்த இரண்டும் பூட்டிக்கிடந்த நூலகத்தில். தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு அந்த 105 மணிநேரமும் வெறும் பள்ளம். நேரில் வகுப்பு நடந்தபோது சீனியர் நோட்டும் ஹொஸ்டல் அறைப் பேச்சும் அந்தப் பள்ளத்தை எப்படியோ நிரப்பிக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போனதும் பள்ளம் வெளியே தெரிந்தது.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் சின்னச் சின்ன வேலை. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே ஒரு பக்கம்: இந்த வாரம் முடியும்போது உனக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும், எதை வாசிக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், எதை எழுதி எப்போது தர வேண்டும். வாசிக்கத் தமிழில் இல்லாத இடத்தில் சேர் இரண்டு பக்கக் குறிப்பு எழுதினார். நாங்கள் தட்டச்சு செய்தோம்.

இரண்டு மணிநேர விரிவுரையை வெட்டினோம். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எட்எக்ஸ் தளத்தில் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட தரவுகளை ஆராய்ந்தது. 6 நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களைத்தான் மாணவர்கள் நன்றாகப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வீடியோவே பாரம் என்பதால் குரல் பதிவுக்குப் போனோம். விநாடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிந்தால் 10 நிமிடப் பேச்சு வெறும் 2.4 மெகாபைட். கோயில் மேட்டில் நின்று இறக்கிக்கொண்டு கீழே வந்து எத்தனை தடவையும் கேட்கலாம். சூம் வகுப்பைக் கேள்வி கேட்க மட்டும் வைத்து 40 நிமிடமாகக் குறைத்தோம்.

பிறகு ஒரு சோதனை. எங்கள் பழைய போன் ஒன்றை சேரின் கையில் கொடுத்து, சிக்னல் குறைந்த ஒரு படிக்கட்டடியில் நின்று அவருடைய பாடத்தை அவரையே திறக்கச் சொன்னோம். மூன்றாவது நிமிடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குள்ள எழுத்தே தெரியுதில்ல தம்பி." அன்றைக்கே ஸ்லைட் எல்லாம் மாறியது. எந்தப் பயிற்சிப் பட்டறையும் செய்யாத வேலையை அந்தப் போன் செய்தது.

மதிப்பீடும் மாறியது. கூகுளில் தேடி ஒட்டக்கூடிய கேள்வியை விட்டு, 'உங்கள் ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, அது எப்போது, ஏன் நிற்கிறது' என்று கேட்டார் சேர். எழுத முடியாதவர்கள் பேசி அனுப்பலாம் என்றார். அந்தத் தங்கச்சி வட்ஸ்அப்பில் 9 நிமிடம் பேசி அனுப்பினாள். பீலித் தண்ணீர், தொங்கல் லயத்துக்குக் கடைசியாக வருவது, அதற்காக நடக்கும் சண்டை எல்லாம் அதில் இருந்தது. சேர் இரண்டு தடவை கேட்டார். கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளும் பாடத்தை விடவில்லை, சோதனை எழுதினாள்.

கெம்பஸ் எல்.எம்.எஸ். பெரும்பாலும் மூடில் மென்பொருள்தான். அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் சின்ன வயதில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், நகரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ரேடியோவில் பாடம் கேட்டு வளர்ந்தவர். 2002இல் முதல் பதிப்பை வெளியிட்டார். தூரத்தில் இருக்கிற பிள்ளை என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் செய்த கருவி அது. நாங்கள் பார்த்த பல பாடங்களில் அது பிடிஎஃப் போட்டுவைக்கும் ஸ்டோர் ரூமாக இருந்தது.

எல்லா சேர்மாரும் மெடம்மாரும் கதவைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. 90 பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்துவது விளையாட்டு இல்லை. "வேலை கூடுது தம்பி, ஆள் கூடேல்ல" என்றார் எங்கள் சேரே. ஒரு கட்டுரை போட்டால் சிவியில் ஒரு வரி கூடும். ஒரு பாடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்ட மூன்று மாதம் செலவழித்தால் எந்த வரியும் கூடாது என்பது அவருடைய ஆதங்கம்.

புதிதாகச் சேரும் விரிவுரையாளர்கள் பணியாளர் மேம்பாட்டு நிலையங்களில் கற்பித்தல் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். நல்லது. ஆனால் பத்து வருடம், இருபது வருடம் கற்பித்தவருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது? எங்கள் ஒப்பந்தம் முடிந்தது, வந்துவிட்டோம். அந்த வாரப் பக்கங்கள் இப்போது ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. யாருடைய வேலையாகவும் இல்லாத வேலைக்கு அதுதான் கதி.

அதனால் எங்கள் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு பீடத்துக்கும் பாடம் அமைப்பது தெரிந்த ஒருவர், டெம்பரரியாக இல்லாமல் நிரந்தரமாக. செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம் போதும். அதைச் சோதித்துப் பார்க்க தெல்தோட்டையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் மாணவர்கள் இரண்டு பேர், அவர்களுக்கு ஒரு சின்னக் கொடுப்பனவு. புதுக் கட்டடம் ஒன்றும் தேவையில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் இப்போது கெம்பஸில் இருந்தால், கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த சேரிடமோ மெடமிடமோ போய், "உங்க பாடம் என் போன்ல எப்படித் தெரியுதுன்னு ஒருக்கா பாக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் பார்ப்பார்கள். இதுவரை அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.