நின்னா ஏறுதா, ஓடினா ஏறுதா?

“சிக்னல்ல நின்னா முள்ளு ஏறுதா, பைபாஸ்ல மிதிச்சா ஏறுதா?”

சென்னை புதுப்பேட்டையில், ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் ரேடியேட்டர் பட்டறைக்கு வரும் வண்டிக்காரர்களிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான். பானட்டைத் திறப்பதெல்லாம் அப்புறம். கேட்பவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. தெருவுக்கு அவர் பாய், பட்டறைப் பையன்களுக்கு உஸ்தாத். பத்திரிகையில் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த ஒரு கேள்வியே இன்ஜின் சூடாவதற்கான காரணங்களில் பலவற்றை ஓரம் தள்ளிவிடுகிறது. ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாக முன்னால் வந்து மோதும். விசிறி படுத்திருந்தாலும் வண்டி சமாளித்துவிடும். நின்ற இடத்தில் விசிறியைத் தவிர வேறு துணை கிடையாது. ஆகவே சிக்னலில் மட்டும் முள் ஏறினால் விசிறி மோட்டார், ரிலே, ஃபியூஸ், காற்றுப் போகும் வழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறினால் காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர்தான் வேண்டிய அளவு ஓடவில்லை என்று பொருள். ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதி திறந்தபடி சிக்கியிருக்கலாம். இரண்டு நேரத்திலும் ஏறுகிறது என்றால் பாய் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 34 மெகாஜூல் வெப்பம் வெளிவரும். சக்கரத்தைச் சுற்றப் போவது அதில் நாலில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான். சைலன்சர் வழியே ஒரு பெரும் பங்கு போய்விடும். இன்னொரு பெரும் பங்கு, ஏறக்குறைய 10 மெகாஜூல், இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் தலையில் விழுகிறது. குழாயில் பிடித்த முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். சின்ன காரில் இருப்பதோ நாலைந்து லிட்டர் கூலண்ட். அது நிற்காமல் சுற்றி வந்து, வாங்கிய சூட்டை ரேடியேட்டரில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற காரில் இந்த ஏற்பாடு இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். பதினைந்து ஆண்டுக்குள் வில்ஹெல்ம் மேபாக் 8,070 சிறு குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்து, மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்குத் தேன்கூட்டு ரேடியேட்டரைச் செய்தார். ஒன்பது லிட்டர் தண்ணீரே போதுமென்றாயிற்று. அத்தனை இணைப்புக்கும் ஈயம் வைக்க ஒரு கை வேண்டும், ஒழுகினால் அடைக்க ஒரு கை வேண்டும். பாயின் தொழில் அங்கிருந்து வந்தது.

என்னை அங்கே அனுப்பியது ஒரு நண்பரின் பழைய கார். கத்திரி வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் நின்றால் முள் சிவப்பை நோக்கிப் போகும். அவர் வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டர், புது ரேடியேட்டர், புது விசிறி மோட்டார், அப்படியும் நிற்காவிட்டால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பது என்று நீளமான எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தது. “அதுக்கு முன்னாடி பாய்கிட்ட ஒருவாட்டி காட்டிடுங்க சார்” என்று சொன்னவர் அவருடைய அலுவலக டிரைவர்.

பாய் அந்தத் தாளைப் படிக்கவில்லை. இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி உள்புறத்தைப் பார்த்தார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் கூலண்ட் ஆயிலில் கலந்து, மூடியின் அடியில் பால் விட்ட டீ போல ஒரு கலங்கல் ஒட்டியிருக்கும். இல்லை. அடுத்து ரேடியேட்டர் மூடி. கூலண்டில் துரு நிறம் இல்லை, ஆயில் மிதக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, திறந்த வாயில் குமிழி விடாமல் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். எரிகிற வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிந்தால் குமிழி நிற்காது. அதுவும் இல்லை. புகைக்குழாய்ப் பக்கம் போய் முகர்ந்தார். வெள்ளைப் புகையோடு இனிப்பு வாடை வந்தால் கூலண்ட் எரிகிறது.

“ஹெட்டு நல்லாருக்கு” என்றார். சர்வீஸ் சென்டர் கழற்றிப் பார்க்கிறேன் என்றதை அவர் கழற்றாமலே பார்த்துவிட்டார்.

மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது வெகுநேரம் குளிர்ந்தே கிடந்தது. பிறகு சட்டென்று சுட்டது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அதற்குள் இருப்பது மெழுகு. பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் உருகி விரிந்து வால்வைத் தள்ளும். கீழ் ஹோஸும் மெல்ல சூடானது, பம்பும் ஓடுகிறது. அடைப்பு இருந்தால் அந்த இடத்துக் குழாய்களில் சூடு ஏறாது. இன்ஜினை நிறுத்தி, விசிறியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் ரேடியேட்டரை மேலும் கீழுமாகத் தடவினார். எல்லா இடமும் ஒரே சூடு.

கடைசியாக, இணைப்பை மறுபடி மாட்டி ஏசியைப் போடச் சொன்னார். விசிறி சுழன்றது. பையன் ஒருவன் செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து காரின் முன்பக்க கிரில்லில் வைத்தான். விசிறி காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது வழுக்கித் தரையில் விழுந்தது.

ஏசி உள்ள கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. கண்டென்சரை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். போல்ட்டுகளைத் தளர்த்தி ரேடியேட்டரைப் பின்னுக்குச் சாய்த்ததும் பல ஆண்டு அழுக்கு கம்பளமாகக் கிடந்தது: வேப்பஞ்சருகு, பூச்சி இறக்கை, பஞ்சு, மண். நெடுஞ்சாலையில் வேகக் காற்று அதை எப்படியோ ஊடுருவிவிடும். சிக்னலில் ஏசி ஓடும்போது விசிறியால் முடியாது. பையன் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டான். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும் என்றார் பாய். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, அதை மட்டும் மாற்றினார். மறுபடி வைத்த தாள் கிரில்லோடு அப்பிக்கொண்டது.

மூடி அற்பமானதல்ல. அதன் ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைத் தேக்குகிறது. சில மூடிகளில் 0.9 என்றும் சிலவற்றில் 1.1 என்றும் பொறித்திருக்கும். வளிமண்டலத்துக்கு மேல் ஒரு பார் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அதற்கு 93 டிகிரிகூட வேண்டாம். மலையேறும் வண்டிகள் கொண்டை ஊசி வளைவில் ஆவி பறக்க நிற்பதற்குப் பல நேரம் இந்தச் சின்ன ரப்பர் வளையமே காரணம்.

பாய் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து எழுபதுகளில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தவர். அப்போது மீசைகூட முளைக்கவில்லை. முதல் வேலை, ஆசிட்டைக் கொல்வது. மண் சட்டியில் மியூரியாட்டிக் ஆசிட்டை ஊற்றி, தீர்ந்துபோன டார்ச் செல்களின் துத்தநாக உறையை வெட்டிப் போட வேண்டும். பொங்கி நுரைத்து, இனிமேல் கரையாது என்று துண்டுகள் மிஞ்சும்போது ஆசிட் செத்தது என்பார்கள். ஈயம் ஒட்டுவதற்கு முன் செம்பிலும் பித்தளையிலும் தடவுவது அதைத்தான். பற்றவைக்கும் இரும்பைப் பிடிக்கவே இரண்டு வருஷம் விடவில்லையாம் அவருடைய உஸ்தாத்.

ஏன் விடவில்லை என்பது ஒரு பழைய அம்பாசடர் ரேடியேட்டர் பலகையில் ஏறியபோது விளங்கியது. ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அம்பாசடர் ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டியும் நூற்றுக்கணக்கான இணைப்புகளும் அந்தக் கலவையின் பிடியில்தான் நிற்கின்றன. ஒழுகும் குழாய்க்குச் சூடு காட்டினால் பக்கத்துக் குழாயின் பற்று விட்டுவிடும். ஒன்றை அடைக்கப் போய் மூன்றைத் திறந்துவிட்டவர்கள் அந்தத் தெருவில் நிறைய. பாய் ஈரத்துணியைப் பக்கத்துக் குழாய்களில் சுற்றிவிட்டு, நவச்சாரக் கட்டியில் தேய்த்த இரும்பை வைத்தார். ஈயம் வெள்ளியாக ஓடி விளிம்பைப் பிடித்ததும் எடுத்துவிட்டார். அவ்வளவுதான் நேரம்.

அதற்கு முன்பே மேல் தொட்டியைப் பிரித்து, தட்டையான மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டுக் குத்தியிருந்தார்கள். உள்ளேயிருந்து வெள்ளைப் பொடியும் பழுப்புச் செதிலும் கொட்டின. போர் தண்ணீரின் உப்பு அது. சென்னையில் கூலண்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் வீட்டு போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. சூடு பட்டதும் அதிலுள்ள கால்சியம் கார்பனேட் குழாய்ச் சுவரில் படிகிறது. செம்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் நூறு மடங்குக்கும் மேல் மந்தம். அடைத்துப் பற்றவைத்த ரேடியேட்டரைச் சிமென்ட் தொட்டியில் முக்கிக் காற்றடித்தார்கள். ஒரு மூலையில் மட்டும் குமிழி வந்தது. மறுபடி இரும்பு சூடானது.

இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. உருகும் ஈயத்தின் புகையும், பழைய பற்றைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும் உடம்பில் தங்குகின்றன. ரேடியேட்டர் பழுதுபார்ப்போரின் ரத்தத்தில் ஈயம் மிகுவதைத் தடுப்பது பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இலேயே எழுதிவிட்டது. பாய்க்கு மூட்டுவலி, அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். எதனால் என்று எந்த டாக்டரும் அவரிடம் தொழிலைக் கேட்டதில்லை. பையன்களைச் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் விடுவதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அது. காற்றிழுக்கும் விசிறி ஒன்றும், ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனையும் இந்தத் தெருவுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும்.

அம்பாசடர் 2014இல் நின்றுபோனது. இப்போது வருவதெல்லாம் அலுமினிய கோர், பிளாஸ்டிக் தொட்டி. செம்பைவிட அலுமினியம் வெப்பத்தைக் குறைவாகக் கடத்தினாலும் எடையும் விலையும் குறைவு என்பதால் உலகமே அதற்கு மாறிவிட்டது. பாயின் ஈயம் அதில் ஒட்டாது. விளிம்புப் பற்களை நிமிர்த்தி, விரிசல் விட்ட பிளாஸ்டிக் தொட்டியையும் ரப்பரையும் மாற்றி மறுபடி மடிக்கக் கற்றுக்கொண்டார். குழாயே ஓட்டையானால் எறிய வேண்டியதுதான்.

பொருள் மாறுவதில் யார்மீதும் குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. நண்பரின் காரில் பாய் கண்டுபிடித்ததற்கு ரசீதில் வரி கிடையாது. மூடிக்கு விலை உண்டு, தண்ணீர் அடித்ததற்குக் கூலி உண்டு, ஹெட் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு ஒன்றுமில்லை. அவர் புது ரேடியேட்டர் விற்றிருந்தால் பார்ட்ஸ் கடை அவருக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கும். வண்டியைக் கொண்டுவரும் புரோக்கர் ஒவ்வொரு பில்லிலும் கமிஷன் கேட்கிறார், பில் பெரிதானால்தான் கமிஷனும் பெரிதாகும். சரியாகப் பார்த்துச் சின்னச் செலவில் முடித்துக் கொடுக்கும் பட்டறைக்கு அவர் இரண்டாம் முறை வருவதில்லை. கழற்றிய செம்பு கோரை எடை போட்டு வாங்கும் பழைய உலோக வியாபாரிக்கும் லாபம், புதியதை விற்பவருக்கும் லாபம். பழையதைப் பிழைக்கவைப்பவருக்கு மட்டும் நஷ்டம். உண்மையைச் சொன்னால் வருமானம் குறையும் என்ற நிலையில் ஒரு தொழிலாளியை நிறுத்திவைத்துவிட்டு, மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று புலம்ப நமக்கு என்ன உரிமை? பார்த்துச் சொல்வதற்கு டாக்டருக்குக் கட்டணம் கொடுக்கிறோம், வக்கீலுக்குக் கொடுக்கிறோம். கரி படிந்த கைக்கு மட்டும் அது மறந்துபோகிறது.

பாய் கோபப்படுவது வேறொன்றுக்கு. வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள். “நோய் இருக்கிற எடத்தை உட்டுட்டு காவக்காரனை வூட்டுக்கு அனுப்புறானுங்க” என்கிறார். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் ஏறும். கெட்டுவிட்டதா என்று அறிய ஒரு பாத்திரம் வெந்நீரும் தெர்மாமீட்டரும் போதும். அடுப்பில் வைத்து, எந்தச் சூட்டில் வாய் திறக்கிறது என்று பார்த்துவிடுவார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. டிராவல்ஸ் டிரைவர் ஒருவர், சேலத்திலிருந்து பெங்களூர் போகும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் நிற்கிறார். முள் சிவப்பில்.

“வண்டிய ஓரமா உட்டியா? ஏசிய அணைச்சியா? மூடில கை வெக்காத தம்பி. பச்சத் தண்ணிய இன்ஜின் மேல ஊத்திடாத, பிளாக் வெடிச்சிரும். அரை மணி ஆகட்டும். அதுக்குள்ள கீழ குனிஞ்சு எங்க ஒழுகுதுன்னு மட்டும் பாரு.”

அழுத்தத்தில் இருக்கும் நீர் மூடி திறந்த கணத்தில் ஆவியாக வெடித்துக் கிளம்பும். நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். முகம் வெந்துபோன டிரைவர்களை பாய்க்குத் தெரியும். சிவப்பில் இருந்தும் நிற்காமல் ஓட்டிய வண்டிகளின் ஹெட்டையும் அவர் பார்த்திருக்கிறார். சின்ன இன்ஜின்கள் பலவற்றில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஹெட் வளைந்தாலே லேத்துக்கு அனுப்பி முகம் சீவ வேண்டும்.

அரை மணிக்கு முன்பே டிரைவர் திரும்ப அழைத்தார். கீழ் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதாம், அங்கேதான் சொட்டுகிறதாம்.

“ஆறுனதுக்கப்புறம் ஸ்க்ரூ டிரைவர்ல இறுக்கு. மூடி மேல துணிய மடிச்சுப் போட்டு, மெதுவா மொதல் தடை வரைக்கும் மட்டும் திருகி ஆவிய உடு. அப்புறம் தண்ணி ஊத்து. தர்மபுரில நிறுத்தி ஹோஸ மாத்திடு, ரேடியேட்டர மாத்தச் சொன்னா மாத்தாத.”

“எவ்ளோ ஆகும் பாய்?”

“ஹோஸு காசும் கிளாம்பு காசும்தான். போ.”