கேட்ட குரலாக இருக்கிறதே!

பால்மரம் வெட்டிய வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிவதற்கு முன் நிரையில் நுழைந்தால், பக்கத்து நிரையில் நிற்பவரின் முகம் தெரியாது. நெற்றியில் கட்டிய விளக்கு நம் மரத்தையும் நம் கத்தியையும்தான் காட்டும். ஆனாலும் அங்கே ஒருவர் இருமினால், பாட்டு முணுமுணுத்தால், கொசுவை வைதால், ஆள் இன்னார் என்று உடனே சொல்லிவிடுவோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் 22 ஆண்டுகள் அப்படி இருட்டில் வேலை செய்தவன் நான். முகத்தைவிடக் குரல்தான் எனக்கு முதல் பழக்கம்.

மாலையில் லயத்துக்குத் திரும்பினால் வானொலி. என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வானொலி நாடகத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. "போன வாரம் மாமியாரா வந்து மருமகளைப் போட்டு ஆட்டி வைச்சாளே, அந்தப் பொம்பளைதான் இன்னைக்கு ராணியா பேசுறா" என்பார். ஒரு குரல் பிடித்துப் போய்விட்டால், அது வரும் நாடகத்தையெல்லாம் தேடிக் கேட்பார். கதை எப்படி இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

அந்தப் பைத்தியம் அறுபது வயதுக்கு மேல் எனக்கும் பிடித்தது. அதுவும் ஜப்பானியப் படக்கதையில், ஓர் அமெரிக்கக்காரரின் குரலைப் பிடித்துக்கொண்டு! நீங்கள் சிரிக்கலாம். என் மனைவி இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இனிப்பு நீர் என் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. 2017-இல் நாளிதழின் சிறிய எழுத்துகள் போயின. பிறகு தலைப்பு எழுத்தும் போயிற்று. தொலைக்காட்சியில் உருவம் ஆடுவது தெரியும். அடியில் ஓடும் எழுத்து வெறும் வெள்ளைக் கோடு. 2019-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் ஈப்போவில் மகள் வீட்டில் இருந்தேன். மாலை நேரம். பேரன் பக்கத்தில் படுத்துக் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். வாள் உரசும் சத்தம், கூச்சல். அதன் நடுவே ஓர் இளைஞனின் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, இது யாருடா? கேட்ட குரலாக இருக்கிறதே!"

"இது அனிமே தாத்தா. உங்களுக்குத் தெரியாது."

"படம் தெரியாது. ஆளைத் தெரியும். தேடிப் பாரு."

பேரன் அலுத்துக்கொண்டே தேடினான். படத்தின் பெயர் 'பிளீச்'. நாயகன் இச்சிகோ. ஆங்கிலத்தில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஜானி யோங் போஷ். 'பவர் ரேஞ்சர்ஸ்' தொடரில் 1994 முதல் ஆடம் என்ற பாத்திரத்தில் நடித்த அதே ஆள்தான் என்று பேரன் படித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கறுப்பு உடைக்காரன்!

என் மூத்த மகன் 1986-இல் பிறந்தவன். எட்டு ஒன்பது வயதில் அந்தத் தொடர் என்றால் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். லயத்துத் திண்ணையிலிருந்து குதித்து, கால்சட்டை கிழித்து, தாயிடம் உதை வாங்காத வாரம் கிடையாது. மற்ற பிள்ளைகள் சிவப்புக்கும் வெள்ளைக்கும் சண்டை போடுவார்கள். இவன் மட்டும் கறுப்பு. நானும் வேலை முடிந்து வந்து, பாயில் சாய்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். குரல் அப்படித்தான் காதில் தங்கியிருக்கிறது.

அந்தத் தொடரின் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி ஜப்பானியத் தொடர்களிலிருந்து எடுத்துச் சேர்த்தவை என்று பேரன் சொல்லித்தான் அறிந்தேன். முகமூடிக்குள் குதித்தவர் ஜப்பானியர். முகமூடி கழற்றினால் அமெரிக்கர்! ஆக, இந்தப் பிள்ளை அப்போதே ஜப்பானிய உடம்புக்குக் குரல் கொடுத்துப் பழகியிருக்கிறார். 1976-இல் பிறந்தவரைப் பிள்ளை என்பது தப்புதான். என் வீட்டுத் திண்ணையோடு சேர்ந்த குரல் என்பதால் அப்படி வருகிறது.

அதன்பின் பேரனுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். அந்தக் குரல் எதில் வந்தாலும் அவன் எடுத்து வைக்க வேண்டும். நான் அவனுக்கு ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும். இச்சிகோவின் கதையை முதலில் கேட்டோம். அப்போது மொத்தம் 366 பாகங்கள். எல்லாம் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்த பையன். தகப்பன் ஒரு கோமாளி; வீட்டுக்கு வரும் மகனைப் பாய்ந்து உதைத்துத்தான் வரவேற்பான். இச்சிகோவுக்குள்ளே இன்னொரு பொல்லாதவன் குடியிருக்கிறான். அவனுக்கும் குரல் போஷ்தான். ஒரே தொண்டை தன்னோடு தானே சண்டை பிடிப்பதை என் தாயார் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பேரன் தேடிச் சொன்னான். ஜப்பானில் நடிகர்கள் பலர் ஒரே அறையில் கூடி, சில ஒலிவாங்கிகளின் முன் மாறி மாறி நின்று பேசுவது வழக்கமாம். நம் வானொலி நாடகம் மாதிரி. அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் சின்ன அறைக்குள் தனியாக நிற்பார். எதிரே படம் ஓடும். காதில் மூன்று முறை 'பீப்' என்று கேட்கும்; நான்காவது வரவேண்டிய இடத்தில் அவர் பேச்சைத் தொடங்க வேண்டும். படத்தில் வாய் திறந்து மூடும் அளவுக்கு ஆங்கிலத்தை வெட்டி ஒட்டி எழுதுவதற்குத் தனியாக ஆள் உண்டு. எதிராளி இல்லாமலே அழ வேண்டும், காதலிக்க வேண்டும், உயிரை விட வேண்டும். கேட்கிற நமக்கு அது தெரிவதில்லை.

சிலர் வேறு பெயரிலும் பேசியிருக்கிறார்கள். 'கவ்பாய் பீபாப்' தொடரின் நாயகனுக்கு ஆங்கிலத்தில் பேசிய ஸ்டீவ் ப்ளூம், டேவிட் லூகாஸ் என்ற பெயரில்தான் அதில் இருக்கிறார். பெயரைத் தேடுபவன் ஏமாறலாம். காதை நம்புபவன் பிடித்துவிடுவான்.

அடுத்தது 'கோட் கியாஸ்'. அதில் போஷின் பாத்திரம் லெலூஷ் என்ற இளவரசன். சக்கரவர்த்தியான தகப்பன் அவனையும் தங்கையையும் சிறு வயதில் ஜப்பானுக்குத் துரத்திவிடுகிறான். தங்கைக்கு நடக்க முடியாது, கண்ணும் தெரியாது. அவளிடம் பேசும்போது லெலூஷின் குரல் பஞ்சு. முகமூடி போட்டுக்கொண்டு படை நடத்தும்போது இரும்பு. தகப்பனைப் பற்றிப் பேசினாலோ, அந்தக் குரலில் ஒரு கசப்பு. என் அரைகுறை ஆங்கிலம், ஓட்டல் வாசலில் காவல் வேலை பார்த்துக் கற்றது. பாதிக்கு மேல் புரியாது. அந்தக் கசப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் புரிந்தது. அந்தத் தொனியை நான் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.

இரவெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்காதீர்கள். 'வுல்ஃப்ஸ் ரெயின்' என்பதில் போஷ் ஓநாயாக வந்தார். இரண்டு பாகத்தில் நான் தூங்கிவிட்டேன். 'அக்கிரா' என்ற பழைய படத்துக்கு 2001-இல் மறுபடி ஆங்கிலக் குரல் சேர்த்தபோது அதிலும் நாயகன் அவர்தான். அது ஒரே இரைச்சல், என் வயதுக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் ஏழு வயதுப் பேத்தி 'செயிலர் மூன்' பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுவும் அவர்தானே?" என்றேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பேசியது ஒரு வெள்ளைப் பூனை! தேடிப் பார்த்தால், புதிதாகச் சேர்த்த ஆங்கிலக் குரலில் ஆர்டெமிஸ் என்ற அந்தப் பூனைக்குப் போஷ்தான் பேசியிருக்கிறார். அன்றிலிருந்து பேரன் என்னோடு வாதாடுவதில்லை.

2020 பிப்ரவரியில் ஒருநாள் பேரன் சொன்னான்: "தாத்தா, இவர் முதன்முதலில் குரல் கொடுத்த அனிமேயே கிடைச்சிருச்சு. 'டிரைகன்'. 1998-இல் வந்தது. 26 பாகம்."

"எப்படிப் படம்?"

"சிவப்புக் கோட்டு போட்ட ஆள். மஞ்சள் முடி முள்ளு மாதிரி நிக்குது. கையில துப்பாக்கி."

எனக்கு உடம்பு சில்லிட்டது.

அந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். கண் நன்றாக இருந்த காலத்தில், 2003-இல். மூத்தவன் அப்போது ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வில் பாதிப் பாடத்தில் கோட்டை விட்டுவிட்டு வந்தான். அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய வட்டுகள். மேலே துப்பாக்கியும் கையுமாக அந்தச் சிவப்புக் கோட்டுக்காரன். ஊரில் பையன்கள் கெட்டுச் சீரழிந்துகொண்டிருந்த நேரம். என் மகனும் ரௌடியாகப் போகிறான் என்றே முடிவு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் தகரப் பீப்பாய்க்குள் பெட்டியோடு போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். அவன் படிக்கட்டில் நின்று பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. தேர்வு முடிந்து, மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். அதன் பிறகு மாதம் ஒரு தொலைபேசி. "சாப்பிட்டீங்களா? மருந்து எடுத்தீங்களா? அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான்.

பேரனிடம் இதைச் சொல்லவில்லை. "போடு, கேட்போம்" என்றேன்.

பாலைவனமாகக் கிடக்கும் ஒரு கிரகம். வாஷ் என்ற அந்தச் சிவப்புக் கோட்டுக்காரனின் தலைக்கு 6,000 கோடி இரட்டை டாலர் விலை வைத்திருக்கிறார்கள். அவன் போகும் ஊரெல்லாம் நாசமாகும் என்று சனங்கள் ஓடுகிறார்கள். ஆளைப் பார்த்தால், இனிப்பு டோனட் தின்றுகொண்டு அசடு வழிகிற பயந்தாங்கொள்ளி. கேட்கக் கேட்கத்தான் தெரிகிறது: எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பதை நோன்பாக வைத்திருப்பவன் அவன். சுடத் தெரிந்தும் சுடாமல் அடி வாங்கி அடி வாங்கி, கோட்டுக்குள்ளே உடம்பெல்லாம் தழும்பு. அந்தத் தழும்பை எனக்குக் காண முடியவில்லை. பேரன் சொல்ல, கேட்டுக்கொண்டேன். 'ஹே ஹே' என்று இளித்துக்கொண்டே வந்த குரல் சட்டென்று தாழ்ந்து கெஞ்சியபோது, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2020 மார்ச் 18-ஆம் நாள் எல்லை மூடிக்கொண்டது. மகன் அக்கரையில் மாட்டிக்கொண்டான். அவன் அழைத்தபோது, வழக்கம்போல "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்வதற்குள் முந்திக்கொண்டேன்.

"தம்பி, டிரைகன் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எத்தனையாவது பாகம்?" என்றான் கடைசியில்.

"பதினாறு. அந்தப் பெட்டி என்ன விலைடா?"

"அறுபது வெள்ளி. லீவுல பாசார்ல மீன் கழுவுன காசு." கொஞ்சம் நிறுத்தி, "அதை விடுங்கப்பா. அந்த ரெண்டு காப்புறுதிப் பொம்பளைங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"முதல் பாகத்துலயே வந்தாச்சு" என்றேன். அன்று அரை மணி நேரம் பேசினோம். என் மனைவி தன் முறைக்காகக் காத்திருந்து களைத்துப் போனாள்.

அந்த இரண்டு ஆண்டும் வெள்ளிக்கிழமை இரவு எங்கள் இரவு. அவன் அங்கே ஒரு பாகம் பார்ப்பான். நான் இங்கே அதே பாகம் கேட்பேன். பிறகு பேச்சு. எனக்கு உருவம் தெரியாத இடத்தை அவன் சொல்வான். குரல் மாறிய இடத்தை நான் சொல்வேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. ஜப்பானிய மூலக் குரல்தான் அசல், ஆங்கிலம் ஒட்டுப்போட்டது என்பது அவன் கட்சி. சின்ன வயதில் அவனும் ஆங்கிலத்தில்தான் பார்த்தானாம், பிறகு தெளிந்துவிட்டானாம்!

2022 ஏப்ரல் முதல் தேதி தரைவழி எல்லை முழுதாகத் திறந்தது. அந்தத் தீபாவளிக்கு வந்தான். கையில் ஒரு பெட்டி. சிவப்புக் கோட்டுதான் என்று பேரன் உறுதி சொன்னான். மறு ஆண்டே புதிய டிரைகன் தொடர் வந்தது. படமெல்லாம் கணினியில் செய்தது. ஆங்கிலத்தில் வாஷ், 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்தும், அதே ஜானி யோங் போஷ். குரலில் கொஞ்சம் வயது ஏறியிருக்கிறது என்பது என் காதுக்குப் பட்டது. மகன் இல்லை என்கிறான்.

அந்தத் தீபாவளி இரவில் ஒரு வேடிக்கை நடந்தது. பலகாரத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "ஒரு பாகமாவது ஜப்பான் குரலில் கேளுங்கப்பா. ஒனோசாகா மசாயா பேசியிருக்கார். சும்மா குறை சொல்லாதீங்க" என்றான். எழுத்து தெரியாதே என்றேன். என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். ஜப்பான்காரர் பேசப் பேச, அடியில் ஓடிய ஆங்கில எழுத்தைப் பார்த்து, என் காதருகே மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். வாஷ் பேசினால் ஒரு மாதிரி, வில்லன் பேசினால் ஒரு மாதிரி, பெண் பிள்ளைகள் பேசினால் குரலை மெலிய வைத்துக்கொண்டு. என் மனைவியும் முறுக்கைக் கடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாகம் முடிந்தது. "அடுத்ததும் போடு" என்றேன்.

"தொண்டை வறண்டு போச்சுப்பா. உங்க ஆளையே பேச விடுவோம்" என்று சொல்லி, ஆங்கிலத்துக்கு மாற்றினான்.