‘இல்லை’ என்று சொன்ன மெஷின்... சோதித்துப் பார்த்த அப்பா!

மெட்டல் டிடெக்டர் ‘பீப்’ அடித்தால் நம்புகிறோம். அடிக்காவிட்டால் அதைவிட அதிகமாக நம்புகிறோம். ‘பீப்’ அடித்த இடத்தைத் தோண்டிப் பார்ப்போம். அடிக்காத இடத்தை யாரும் தோண்டுவதில்லை. அதனால் அந்த மௌனம் சரியா, தப்பா என்று யாருக்குமே தெரிவதில்லை.

எங்கள் தெருவில் போன வருடம் அந்த மௌனத்தால் ஒரு பெண்ணின் பெயர் கெட்டுப்போனது. அதைச் சரிசெய்தது, என் அப்பா டிபன் பாக்ஸுக்குள் செய்த ஒரு சின்ன சர்க்யூட்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். ஊருக்கு ‘முத்துநகர்’ என்று பெயர் இருந்தாலும், அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போதும் சங்கு குளிக்கிறார்கள். அப்படி சங்கு குளிக்கும் அண்ணன் ஒருவர், கடலுக்குப் போகாத நாள்களில் மெட்டல் டிடெக்டரோடு கடற்கரையில் தேடுவார். யாராவது கொலுசு, கம்மல், மோதிரம் தொலைத்துவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிடைத்தால் கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கிடைக்காவிட்டால் டீ மட்டும்தான்.

பக்கத்துத் தெரு பெரியம்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரப்பிள்ளைகளோடு முத்துநகர் கடற்கரைக்குப் போனார். கூடவே அவர் வீட்டில் வேலை செய்யும் அக்காவும் போனார். திரும்பி வந்தபோது விரலில் ஒரு சவரன் கல்யாண மோதிரம் இல்லை. பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடும்போது நழுவியதா, கழற்றிக் கைப்பையில் போட்டாரா என்று அவருக்கே நினைவில்லை. கைப்பை அந்த அக்காவிடம் இருந்தது.

டிடெக்டர் அண்ணன் இரண்டு நாள், அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் முழுக்கத் தேடினார். சோடா மூடிகளும் ஒரு ஆணியும் கிடைத்தன. “அங்க இல்ல பெரியம்மை” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ‘மணல்ல இல்லன்னா பையிலதான் இருந்திருக்கணும்.’ ஒரே வாரத்தில் அந்த அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அதே டிடெக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. “அண்ணாச்சி, கொஞ்ச நாளாவே இது மந்தமா இருக்கு. என்னன்னு பாருங்க” என்று அண்ணன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பின்பக்கம் பெருத்த டி.வி-க்களின் காலம்

அப்பா டி.வி மெக்கானிக். பின்பக்கம் பெருத்த பழைய டி.வி-க்களின் மெக்கானிக் என்று சொல்ல வேண்டும். எல்.ஈ.டி டி.வி-க்கள் வந்தபிறகு கடையை மூடிவிட்டார். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் என்று வீட்டிலேயே ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

மெட்டல் டிடெக்டரை அவர் அதற்கு முன்பு திறந்ததே இல்லை. ஆனால், அதன் அடியில் தட்டு மாதிரி இருப்பது ஒரு செப்புக்கம்பிச் சுருள்தான், அதாவது காயில்தான் என்றதும் சிரித்தார். பழைய டி.வி-யில் பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் ஈ.ஹெச்.டி-யும் உள்ளே சுருள்தான். அதில் இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகிவிட்டால் மல்டிமீட்டரில் தெரியாது. ஓம்ஸ் கிட்டத்தட்ட சரியாகவே காட்டும். அதைக் கண்டுபிடிக்க அந்தக் கால மெக்கானிக்குகள் ‘ரிங் டெஸ்டர்’ வைத்திருந்தார்கள். அதே யோசனையில் டிடெக்டர் சுருளுக்கும் ஒன்று செய்ய அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அதன் தத்துவத்தை எனக்கு அவர் விளக்கியது இப்படித்தான். “கோயில் மணியை அடிச்சா எவ்வளவு நேரம் ரீங்காரம் கேக்குது? ஒரு கையால மணியைப் பிடிச்சுக்கிட்டு அடிச்சுப் பாரு... ‘டொக்’குன்னு நின்னுரும். சுருளும் அப்படித்தான்.”

சுருளோடு ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து, சின்னதாக ஒரு மின்துடிப்பு கொடுத்தால், மின்சாரம் இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். நல்ல சுருளில் பல முறை ஆடி மெதுவாக அடங்கும். ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தாலும் அது மணியைப் பிடித்த கை மாதிரி; ஆட்டம் உடனே செத்துவிடும். எத்தனை ஆட்டம் என்பதை எட்டு எல்.ஈ.டி விளக்குகள் வரிசையாக எரிந்து காட்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆட்டம் நிற்காமல் தொடர்ந்து நடக்கும்படி ஆசிலேட்டர் ஆக்கிவிட்டால், சுருள் ஒரே ஸ்ருதியில் பாடும். அந்த ஸ்ருதி எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரிந்தால் சுருளின் இண்டக்டன்ஸைக் கணக்குப் போட்டுவிடலாம். 300 மைக்ரோஹென்றி சுருளோடு 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சேர்ந்தால் சுமார் 16,000 ஹெர்ட்ஸ். அதைக் காட்ட ஒரு பீஸோ ஸ்பீக்கர் போதும். எண்ணைச் சொல்ல என் போனில் ஒலியின் அதிர்வெண் காட்டும் ஆப் இருந்தது.

அப்பாவுக்குக் கேட்காத சத்தம்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல சுருள் வேண்டுமே? பிளாஸ்டிக் தட்டைச் சுற்றி 25 செ.மீ விட்டத்தில் 23 சுற்று எனாமல் கம்பி சுற்றினார். அது கிட்டத்தட்ட 300 மைக்ரோஹென்றி வரும். 9 வோல்ட் பேட்டரி, ஒரு 555 ஐ.சி, கழற்றிய போர்டுகளில் இருந்து எடுத்த எல்.ஈ.டி-க்கள். எல்லாம் நான் பள்ளிக்குக் கொண்டுபோன பழைய டிபன் பாக்ஸுக்குள்.

ஸ்விட்சைப் போட்டார். முகம் வாடியது. “சர்க்யூட் வேலை செய்யல” என்று சால்டரிங் அயர்னை எடுத்தார்.

எனக்கோ காதைக் குத்துவதுபோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “அப்பா, கத்திக்கிட்டுதானே இருக்கு!”

அவர் என்னைப் பார்த்தார். ஸ்விட்சை அணைத்தார். “ஏட்டி, இப்ப?” இல்லை என்றேன். மறுபடி போட்டார். “இப்ப?” கேட்கிறது என்றேன். என் போனை வாங்கிப் பார்த்தார். திரையில் 16,000-ஐ ஒட்டி ஒரு கோடு நின்றுகொண்டிருந்தது.

பழைய டி.வி ஓடும்போது மெல்லிசாக ஒரு விசில் கேட்கும். அது 15,625 ஹெர்ட்ஸ். திரையில் ஒரு நொடிக்கு வரையப்படும் கோடுகளின் எண்ணிக்கை அது. அந்தக் காலத்தில் தெருவில் நடந்துகொண்டே எந்த வீட்டில் டி.வி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன் என்பார் அப்பா. திரை இருட்டாக இருந்தாலும் விசில் கேட்டால், செட்டின் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கடையில் பாதி ரிப்பேரை அவர் காதாலேயே பார்த்திருக்கிறார்.

வயது ஏற ஏற முதலில் கேட்காமல் போவது உச்சஸ்தாயி ஒலிகள்தான். அது எல்லோருக்கும் நடப்பது. அப்பாவுக்கும் தெரியும். ஆனால், அன்றைக்குத்தான் அது அவர் வீட்டு மேஜை மேலேயே வந்து உட்கார்ந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அதே 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இன்னும் ஒன்பதை எடுத்து, பக்கவாட்டில் சேர்த்து சால்டர் செய்தார். மொத்தம் 3.3 மைக்ரோஃபாரட். ஸ்ருதி 5,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இறங்கியது. ஸ்விட்சைப் போட்டதும் தலையை ஆட்டினார். “இப்ப எனக்கும் கேக்குது.”

மெஷினுக்குள் இருந்த பெரிய மோதிரம்

அடுத்தது டிடெக்டர் அண்ணனின் சுருள். டிடெக்டரில் இருந்து கழற்றித்தான் சோதிக்க வேண்டும். இந்த வகை மெஷின் சுருளுக்குத் துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்பும். ஒவ்வொரு துடிப்பு நிற்கும்போதும் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும்.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் சரி. வயரை ஆட்டிப் பார்த்தாலும் சரி. டிபன் பாக்ஸில் இணைத்தால் ஸ்ருதி 6,000-ஐ நெருங்கி நடுங்கியது. எட்டு விளக்குகளில் இரண்டுதான் எரிந்தன. யாரோ மணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுருளின் மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. முன்பு எங்கோ ரிப்பேர் பார்த்த யாரோ, வெளி மின்இரைச்சல் வராமல் இருக்க அலுமினிய ஃபாயிலைச் சுற்றியிருந்தார்கள். அப்படிச் சுற்றுவது வழக்கம்தான். ஆனால், ஓர் இடத்தில் இடைவெளி விட வேண்டும். இதில் ஃபாயில் முழு வட்டமாக முடிந்திருந்தது.

டிடெக்டர் ஒரு துடிப்பை மண்ணுக்குள் அனுப்பும். அங்கே மோதிரம் இருந்தால் அதற்குள் சின்னதாக ஒரு மின்சாரம் சுழன்று அடங்கும். அந்த அடங்கலைத்தான் மெஷின் காது கொடுத்துக் கேட்கிறது. முழு வட்ட ஃபாயிலும் ஒரு மோதிரம்தான். சுருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய மோதிரம். அதன் சத்தத்தில் மணலுக்குள் கிடக்கும் சின்ன மோதிரம் எப்படிக் கேட்கும்? மேலாகக் கிடக்கும் சோடா மூடி மட்டும் கேட்கும்.

நான் ஃபாயிலை வெட்டிவிடலாம் என்றேன். அப்பா விடவில்லை. “இருக்கிறபடியே மூடு. முதல்ல பெரியம்மையைக் கூட்டிட்டு வா” என்றார்.

வாளியில் கடற்கரை மணல் நிரப்பப்பட்டது. பிளாஸ்டிக் வாளி, இரும்பு வாளி என்றால் அதுவே கத்திவிடும். அம்மாவின் ஒரு சவரன் மோதிரத்தை நாலு விரல் ஆழத்தில் புதைத்தார். பெரியம்மையும் அவர் மகனும் பார்த்துக்கொண்டிருக்க, டிடெக்டர் அண்ணன் வாளிக்கு மேல் மெஷினை நான்கைந்து முறை ஆட்டினார். சத்தமே இல்லை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா ஃபாயிலைப் பிரித்து, ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு மறுபடி சுற்றினார. டிபன் பாக்ஸில் ஏழு விளக்குகள் எரிந்தன. அதே வாளியில், அதே மோதிரம். இந்த முறை ஒரு சாண் ஆழத்திலும் ‘பீப்’ அடித்தது.

தேடும் கருவியைத் தேடியவர்கள்

டிடெக்டரின் வரலாற்றிலேயே இப்படி ஒரு தவறான ‘இல்லை’ உண்டு. 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருக்கும் குண்டைத் தேட டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் சுருள்களால் ஒரு கருவி செய்தார். சோதனைகளில் நன்றாகவே வேலை செய்தது. அதிபரிடம் பலிக்கவில்லை. மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது பெல்லுக்குப் பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, டாக்டர் வலப்பக்கத்தில் தேடச் சொன்னார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19-ம் தேதி அதிபர் இறந்துபோனார்.

எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கே முகமாலை போன்ற இடங்களில், போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை அகற்றும் வேலையில் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் உண்டு. கண்ணிவெடி அகற்றுபவர்கள் வேலை தொடங்கும் முன் டிடெக்டரை ஒரு சோதனைப் பொருள் மேல் காட்டி, சத்தம் வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். அங்கே மெஷினின் ‘இல்லை’யை நம்பித்தான் அடுத்த அடி வைக்கிறார்கள்.

டிடெக்டர் வாங்கும் ஆசை வந்தவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் மாவட்டத்தில்தான் ஆதிச்சநல்லூரும் கொற்கையும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. மண்ணில் மறைந்திருந்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சரி, பெரியம்மையின் மோதிரம்? அடுத்த ஞாயிறு மறுபடி தேடினார்கள். அதற்குள் எத்தனை அலை அடித்து, எவ்வளவு மணல் இடம் மாறியிருக்கும்! கிடைக்கவில்லை.

ஆனால், பெரியம்மை வாளிச் சோதனை நடந்த அன்று ராத்திரியே அந்த அக்கா வீட்டுக்குப் போனார். மகனைக் கூட்டிக்கொண்டு, தெரு பார்க்கப் போனார். “மெஷினுக்குக் காது கேக்கலம்மா. நாங்க உன்னைச் சொல்லிட்டோம்” என்றாராம். அக்கா உட்காரச் சொல்லி காபி கொடுத்திருக்கிறார். வேலைக்கு மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது வேறு ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார். வழியில் பார்த்தால் அப்பாவிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்.

டிபன் பாக்ஸ் இப்போது டிடெக்டர் அண்ணனிடம் இருக்கிறது. தேடப் போகுமுன் சுருளைக் கழற்றி அதில் இணைத்து விளக்குகளை எண்ணுகிறார். பிறகு கடற்கரையிலேயே ஒரு மோதிரத்தைப் புதைத்து, மெஷினுக்கு எவ்வளவு ஆழம் கேட்கிறது என்று நகையைத் தொலைத்தவர்கள் கண் முன்னால் காட்டுகிறார். தேடி முடித்து ஒன்றும் கிடைக்காவிட்டால், முன்பு மாதிரி “அங்க இல்ல” என்று சொல்வதில்லை.

“நான் தேடின இடத்துல, ஒரு சாண் ஆழம் வரைக்கும் இல்ல” என்கிறார்.