கடலூரில் கண்மூடிய கணக்குக்காரர்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், என்கூட வேலை பார்க்கிறவர் தன் ரைஃபிளுக்குத் தோட்டாவைத் தானே வடிவமைக்கிறார். மருந்து இவ்வளவு, குண்டின் எடை இவ்வளவு என்று கொடுத்தால் வேகத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அப்புறமும் சுட்டுப் பார்த்து அளக்கிறாரே, எதற்கு?"

நல்ல கேள்வி. இதே வேலையைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742-இல் பீரங்கிக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 1000 மடங்கு என்று எடுத்துக்கொண்டு, குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகத்தை முதலில் தாளில் கணக்கிட்டார். அதோடு விடவில்லை. மரப்பலகை பொருத்திய கனமான ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டுச் சரிபார்த்தார்.

எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குப் போதும். 10 கிராம் குண்டு ஊசலில் பதிகிறது. இரண்டும் சேர்ந்து 5 கிலோ. எடை 500 மடங்கானதால் வேகம் 500-இல் ஒரு பங்காகும். ஊசல் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், குண்டு வந்த வேகம் நொடிக்கு 500 மீட்டர். ஊசல் சுமார் 5 செ.மீ. உயரும். அளக்க அளவுகோல் போதும்!

பிறகு தூரத்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டார். வேகம் குறைந்துகொண்டே போனது. "காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்" என்று பாடப்புத்தகத்தில் படித்தீர்களே, அந்தக் காற்றுதான். அது துப்பாக்கிக் குண்டை அதன் எடையைப் போல் நூறு மடங்குக்கு மேலான விசையால் தடுக்கிறது. கலிலியோ 1638-இல் சொன்ன பரவளையம் காற்றில்லாத இடத்துக்குத்தான் சரி.

இன்றைக்கும் அதே கதைதான். குண்டின் முனை, குழலின் நீளம், மருந்தின் வெப்பநிலை எல்லாமே விடையை மாற்றும். கணிப்பைவிட அழுத்தம் கூடினால் துப்பாக்கியே வெடித்துக் கண்ணும் கையும் போகலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குறைந்த மருந்தில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் அளக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு நாம் கொடுத்தது மட்டும்தான் தெரியும் தம்பி. கொடுக்க மறந்தது சுடும்போதுதான் தெரியும்.

இன்னொரு செய்தி. இந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக 1750-இல் நம் கரைக்கு வந்து, 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்த வந்தவர். நமக்கு நல்லது செய்ய வந்தவரல்ல. ஆனாலும் தன் கணக்கைத் தானே சோதித்துப் பார்த்த அந்தப் பழக்கத்தை யாரிடமிருந்தும் கற்கலாம்.

வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதைக் கொடுங்கள்: குண்டு 20 கிராம், ஊசலோடு சேர்த்து 8 கிலோ, ஊசலின் வேகம் நொடிக்கு 1 மீட்டர். குண்டின் வேகம் என்ன? விடையைக் கீழே எழுதச் சொல்லுங்கள். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்