ஒல்லாந்தர் நகரில் ஐந்து நாட்கள்

பிள்ளைகள் இருவரும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் மனைவியும்தான். இங்கிலாந்துக்கு வந்த நாள் முதல் எமக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது. அல்லது கனடாவிலோ ஜேர்மனியிலோ ஒரு கலியாண வீடு, ஒரு செத்த வீடு. வெறுமனே ஊர் பார்ப்பதற்கென்று நாம் இருவரும் தனியாகப் புறப்பட்டது கிடையாது. இந்தச் சித்திரை மாதம் அப்படியொரு பயணம் வாய்த்தது. செய்தி மடலுக்கு எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டதால், பார்த்தவற்றையும் மனதில் பட்டவற்றையும் இங்கே தருகிறேன்.

அம்ஸ்ரர்டாம் நகருக்கு லண்டனிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது தண்ணீர், அடுத்தது சைக்கிள். சைக்கிள்காரர் யாருக்காகவும் நிற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் போன எமக்கு அது ஊரை நினைவூட்டியது. "இவையள் எங்களைவிட மோசம்" என்றார் மனைவி.

நகரம் சேற்று நிலத்தில் நிற்கிறது. மேலே உள்ள மென்மையான மண் கட்டடத்தைத் தாங்காது. ஆகவே நீண்ட மரக் கம்பங்களைக் கீழே உள்ள மணற்படை வரை அடித்து இறக்கி, அவற்றின் மேல் வீடு கட்டினார்கள். நகரின் நடுவே உள்ள அரண்மனை 1648இல் நகர மண்டபமாகக் கட்டத் தொடங்கப்பட்டது. அதன் அடியில் மட்டும் 13,659 கம்பங்கள் இருக்கின்றனவாம். மரம் உக்காதா என்று மனைவி கேட்டார். தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கியிருக்கும் மரத்துக்குப் பிராணவாயு கிடைக்காது. பிராணவாயு இல்லாத இடத்தில் மரத்தைத் தின்னும் பூஞ்சணம் வளராது. நீர்மட்டம் குறைந்து மரத்தின் தலை வெளியே தெரிந்தால்தான் ஆபத்து. அதனால் கால்வாயின் நீர்மட்டத்தை ஒரு நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் போலக் கவனித்து வருகிறார்கள்.

1613இல் வெட்டத் தொடங்கிய மூன்று பெரிய கால்வாய்கள் பழைய நகரை வில்லுப்போல வளைத்து நிற்கின்றன. கனவான்கள் கால்வாய், சக்கரவர்த்தி கால்வாய், இளவரசர் கால்வாய் என்பன அவற்றின் பெயர்கள். 2010இல் இந்தப் பகுதி உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. படகில் ஒரு மணி நேரம் சுற்றி வந்தோம். கரையோர எல்ம் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. வீடுகள் ஒடுங்கி உயர்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டு நெற்றியிலும் ஒரு வளையும் கொளுக்கியும் உண்டு. மாடிப்படி மிக ஒடுக்கமாதலால் தளபாடங்களைக் கயிற்றில் கட்டி யன்னல் வழியாகத்தான் ஏற்றுவார்கள். ஏற்றும் சாமான் சுவரில் முட்டாதபடி பல வீடுகளை முன்பக்கம் சற்றே சரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் கால்வாய்க் கரையில் நடந்து போகையில் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இஞ்சாருங்கோ, அங்கை பாருங்கோ, கந்தோர்!" ஒரு வீட்டில் வாடகைப் பலகை தொங்கியது. அதில் 'கந்தோர்' என்றே வாசிக்கும்படியான சொல். அலுவலகத்துக்கு அவர்களுடைய மொழியில் அதுதான் பெயர். "அப்பா கந்தோராலை வந்திட்டார்" என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பலகை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? அதன் பின் எமக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பித்தளைத் தகட்டில் 'நொத்தாரிஸ்'. சந்தையில் 'போஞ்சி'. வாசற்படிக்கு அவர்கள் சொல்லும் பெயர் எங்கள் 'இஸ்தோப்பு'. துட்டும் கக்கூசும் அவர்கள் விட்டுப் போனவையே. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து 1795 வரை ஆண்டவர்கள், போகும்போது கோட்டையை மட்டுமா விட்டுப் போனார்கள்? எங்கள் வாயிலும் குடியிருந்துவிட்டார்கள்.

அவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை இல்லம் இன்றும் நிற்கிறது. பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்துகிறது. முற்றத்தில் மாணவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். தென்னிலங்கைக் கறுவா, வன்னியில் பிடித்து ஊர்காவற்றுறையில் ஏற்றிய யானை, சாயவேர், மன்னார் முத்து, சோழமண்டலக் கரையின் துணிகள் எல்லாவற்றுக்கும் இங்கேதான் கணக்கு முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயஸ் பாதிரியார் எம்மைப் பற்றி எழுதிய பெரும் புத்தகமும் 1672இல் இந்த நகரில்தான் அச்சாயிற்று. கால்வாய்க் கரையின் அழகைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அழகில் எங்கள் பாட்டன்மாரின் வியர்வையும் ஓரிரு துளி உண்டு என்று அறிந்து பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விடயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனைவிக்குச் சீதனமாக வந்த காணி வலிகாமத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் இராணுவ வேலிக்குள் கிடந்து 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சின. விற்றுவிடுங்கள் என்கிறார்கள் உறவினர். பிள்ளைகள் போய் இருக்கப் போவதில்லை என்பது எமக்கும் தெரியும். விற்பதானாலும் கொடுப்பதானாலும் கணவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று ஊர் நொத்தாரிசு அறிவித்திருந்தார். தேசவழமைச் சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தை ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி 1707இல் திரட்டி எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. வழக்கம் எங்களுடையது, பன்னிரண்டு முதலிமார் வாசித்து ஒப்புக்கொண்டது. ஆனால் எழுதியது அவர்கள் கை.

"என்ரை தாய் தந்த காணி. அதுக்கு உங்கடை கையெழுத்து, இவையள் எழுதின சட்டத்தாலை" என்று மனைவி சிரித்தார். அது முழுச் சிரிப்பு அல்ல. "நீர் எதைச் சொல்லுறீரோ அதுக்கு நான் கையெழுத்து வைப்பன்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ரியூலிப் மலர்களுக்கென்று ஒதுக்கினோம். லிசே என்ற ஊரில் கொய்க்கன்ஹோஃப் தோட்டம் இருக்கிறது. 32 ஹெக்டேயர் நிலத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 70 இலட்சம் கிழங்குகளை நடுகிறார்கள். பங்குனி நடுவிலிருந்து வைகாசி நடு வரை எட்டு வாரம் மட்டுமே திறந்திருக்கும். நிறங்களை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது; போய்ப் பார்க்க வேண்டும். துருக்கியிலிருந்து வந்த இந்தப் பூவின் கிழங்குக்கு 1637இல் வீட்டு விலை கேட்டு, பின்னர் சில நாட்களில் விலை சரிந்த கதையைப் பலர் அறிந்திருப்பீர்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வெளியே உள்ள வயல்கள். பூ நன்றாக விரிந்ததும் இயந்திரத்தால் தலைகளை வெட்டி வயலிலேயே போட்டு விடுகிறார்கள். அழகான பூக்கள் குவியலாகக் கிடந்து வாடுகின்றன. மனைவிக்குப் பொறுக்கவில்லை. பூவை விட்டால் செடியின் சத்து விதைக்குப் போய்விடும். வெட்டினால்தான் கிழங்கு பெருக்கும். அவர்கள் விற்பது கிழங்கை. இதைச் சொன்னதும், "பொயிலைக்கு அப்பு நுனி கிள்ளுறது மாதிரி" என்றார். இலை பெருக்க வேண்டுமென்று எங்கள் தோட்டக்காரர் பூவரும்பைக் கிள்ளுவதும் இதே கணக்குத்தான்.

நாலாம் நாள் காலை ஹேக் நகருக்கு ரயிலில் போனோம். இது என் ஆசை. மொரிட்ஸ்ஹைஸ் அரும்பொருளகத்தில் றெம்பிராண்ட் 1632இல் வரைந்த 'டொக்டர் தூல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்' இருக்கிறது. வரைந்தபோது ஓவியருக்கு இருபத்தைந்து வயது. தூல்ப் என்றால் ரியூலிப் பூ. அந்தப் பூவைத் தன் சின்னமாக்கி அதையே பெயராகவும் வைத்துக்கொண்ட வைத்தியர் அவர். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள வால்வை விவரித்தவர். அம்ஸ்ரர்டாம் நகரபிதாவாகவும் இருந்தவர். படத்தில் வலக்கைக் குறட்டால் பிணத்தின் முன்கைத் தசைகளைத் தூக்கிப் பிடித்து, தம் இடக்கை விரல்களை மடக்கிக் காட்டுகிறார். 'இந்தத் தசை இந்த வேலையைச் செய்கிறது' என்கிறது அந்தக் கை. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் எங்களுக்கு உடற்கூறு சொல்லித் தந்த ஆசிரியரும் இதே போலத்தான் விரலை மடக்கிக் காட்டுவார். மேசையில் கிடப்பவர் களவுக்காகத் தூக்கிலிடப்பட்ட ஏழை. சுற்றி நிற்பவர்கள் புத்தகத்தையும் எம்மையும் பார்க்கிறார்கள். அவரது முகத்தைப் பார்ப்பவர் இல்லை. முப்பது ஆண்டு வைத்தியம் செய்த எனக்கு அந்த முகத்திலிருந்துதான் கண்ணை எடுக்க முடியவில்லை.

மாலையில் இளவரசர் கால்வாயில் 263ஆம் இலக்கம், ஆன் பிராங்க் ஒளிந்திருந்த வீடு. 1942 ஆடி முதல் 1944 ஆவணி வரை எட்டுப் பேர் அங்கே மறைந்திருந்தார்கள். பிடிபட்டவர்களில் உயிரோடு திரும்பியவர் தந்தை ஒருவரே. புத்தக அலுமாரிக்குப் பின்னால் செங்குத்தான படி. மேலே அறைகளில் தளபாடம் ஒன்றும் இல்லை. பிடித்துப் போனவர்கள் எல்லாவற்றையும் அள்ளிச் சென்றார்கள், அப்படியே வெறுமையாக இருக்கட்டும் என்று தந்தை சொல்லிவிட்டாராம். ஒரு சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள் இருக்கின்றன. ஒளிந்திருந்த காலத்திலும் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கோடுகளுக்கு முன் மனைவி நெடுநேரம் நின்றார். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். எங்கள் மாமனார் வீட்டு விறாந்தைத் தூணிலும் அப்படிக் கோடுகள் இருந்தன என்பது எனக்குத் தெரியும். அந்தத் தூண் இப்போது இல்லை.

வெளியே வந்து கால்வாய்க் கரை வாங்கில் இருந்தோம். வெகுநேரத்துக்குப் பின் அவர் பேசினார். "விக்க வேண்டாம். கிணத்தடிப் பக்கம் எங்களுக்கு இருக்கட்டும். றோட்டுப் பக்கத்தைப் பாலர் பாடசாலைக்கு எழுதிக் குடுப்பம். அங்கை சின்னப் பிள்ளையள் வளரட்டும்." நான் சரி என்றேன். வேறு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வீடு திரும்பிய கிழமையே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன்.

கடைசி நாளைச் சந்தையிலும் சாப்பாட்டிலும் கழித்தோம். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே கஷ்டமில்லை. 1873 முதல் இந்தியாவிலிருந்து தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட இந்துக்களின் சந்ததியார், அந்நாடு 1975இல் சுதந்திரம் பெற்ற காலத்தில் பெருந்தொகையாக நெதர்லாந்துக்கு வந்தார்கள். அவர்களுடைய ரொட்டிக் கடைகள் எங்கும் உண்டு. கோழியும் முட்டையும் வேண்டாம் என்று சொன்னால் ரொட்டியோடு உருளைக்கிழங்குக் கறியும் பயற்றங்காய்க் கறியும் தருவார்கள். கடைக்கார அம்மா எம் நெற்றித் திருநீற்றைப் பார்த்து "ராம் ராம்" என்று சொல்லி, இன்னொரு அகப்பை கறி வைத்தார்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ரியூலிப் பார்க்கச் சித்திரை நடுப்பகுதி நல்லது. ஆன் பிராங்க் வீட்டு அனுமதிச் சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் எடுத்து வையுங்கள், வாசலில் கிடைக்காது. முழங்கால் நோவுள்ளவர்கள் தங்குமிடத்தில் மின்தூக்கி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அவர்களுடைய மாடிப்படி ஏணிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். கால்வாய்க் கரையில் பல இடங்களில் கம்பி வேலி கிடையாது, இரவில் கவனம். செந்நிறச் சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் வளர்ந்தபின் வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது என்று என் நோயாளிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு மருந்துச் சீட்டில் எழுத ஒன்றும் இல்லை. தெரியாத ஒரு ஊரில் இரண்டு பேரும் ஐந்து நாள் நடந்து திரிந்தால், பல ஆண்டு பேசாமல் வைத்த விடயங்கள் தானாக வெளியே வரும். முடிந்தவர்கள் போய் வாருங்கள்.