கொதிகலனில் மீண்டும் தீ

பழம்பொருளைக் காப்பது என்றால் அதனை இருந்தபடியே வைத்திருப்பதா, அது செய்துவந்த தொழிலை மீண்டும் செய்ய வைப்பதா? சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையில் உயிர்பெற்று ஆவடிவரை ஓடிய ஓர் எஞ்சினின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது.

சென்னையிலிருந்து ஆவடி நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி பெரம்பூரைக் கடந்ததும் அடுத்தடுத்து இரு நிலையங்களில் நிற்கிறது. ஒன்று பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்; மற்றொன்று பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஊரின் பெயரோடு பணிமனையின் பெயரையும் சேர்த்துச் சூட்டிக்கொண்ட நிலையங்கள் இவை. கொரட்டூருக்கும் அம்பத்தூருக்கும் நாள்தோறும் செல்லும் பயணியர்க்கு ‘லோகோ’ என்பது பெரும்பாலும் இறங்குமிடத்தின் பெயர்தான். அந்தச் சுவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அவர்கள் எண்ணிப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது. மின்தொடர்வண்டிகள் ஓடும் அதே தடத்தில், சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் புகை கக்கியபடி ஒரு நீராவி எஞ்சின் சென்றது. அது செய்யப்பட்ட ஆண்டு 1855.

பாதையினும் மூத்தது

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனம் செய்து அனுப்பிய எஞ்சின் அது. கிழக்கிந்திய இரயில்வேயின் 21ஆம் எண்ணைத் தாங்கியது. ‘எக்ஸ்பிரஸ்’ என்பது அதன் பெயர். அந்த இரயில்வே தன் முதல் தொடர்வண்டியை ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு இயக்கியது 1854 ஆகஸ்டு 15இல். தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது 1856 சூலை 1இல். ஆகவே, ஆவடி கண்ட இந்த விருந்தாளி, ஆவடியைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதையைவிட ஓராண்டு மூத்தது.

அதன் அமைப்பு எளியது. முன்னே ஓர் இணைச் சிறுசக்கரங்கள், பின்னே ஓர் இணைச் சிறுசக்கரங்கள். நடுவில் உயர்ந்து நிற்கும் ஓர் இணைப் பெருஞ்சக்கரங்கள். நீராவியின் விசை முழுவதும் அந்த நடு அச்சுக்கே செல்கிறது. இழுவைத் திறன் குறைவு. ஆனால், இலகுவான வண்டிகளை இழுத்துக்கொண்டு ஓட அது போதும். தண்ணீர்த் தொட்டிகூடத் தனி வண்டியில் இல்லை. எஞ்சினின் அடிச்சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

1909இல் அது பணியிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர் ஜமால்பூர்ப் பணிமனையிலும் ஹௌராவிலும் காட்சிப்பொருளாக நின்றது. நின்ற காலம் ஏறத்தாழ நூறாண்டு.

துரு செய்த வேலை

நிற்கும் எஞ்சின் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. ஓடும் எஞ்சினுக்கு எண்ணெய் இடுவர், கொதிகலனைக் கழுவுவர், தேய்ந்ததை மாற்றுவர். நிற்கும் எஞ்சினுக்கு வண்ணம் மட்டுமே பூசுவர். வண்ணத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலைகளில் ஈரம் தங்கி இரும்பை அரிக்கிறது. கழற்றக்கூடிய பித்தளைப் பகுதிகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன. பெரம்பூருக்கு வந்த எக்ஸ்பிரஸும் அரிப்புக்கும் இழப்புக்கும் தப்பவில்லை.

இத்தகைய எஞ்சினை மீட்போர் முதலில் ஐயுற்றுப் பார்ப்பது கொதிகலனையே. தீயறையில் எரியும் நிலக்கரியின் வெப்பம், தண்ணீரினூடே செல்லும் குழாய்கள் வழியாகப் பாய்ந்து புகைப்போக்கியை அடைகிறது. சூழ்ந்திருக்கும் தண்ணீர் அழுத்தத்தினால் நூறு பாகைக்கும் மேலே சூடேறியும் நீராகவே நிற்கிறது. எங்கேனும் ஒரு தகடு பிளந்தால் அந்நீர் நொடியில் ஆவியாகிப் பெருகும். கொதிகலன் வெடிப்பு என்பது இதுதான். ஆகையால், தீமூட்டும் முன்னர்க் கொதிகலனைக் குளிர்ந்த நீரால் நிரப்பி, அது வேலை செய்யவேண்டிய அழுத்தத்துக்கும் மேலான அழுத்தம் தந்து சோதிப்பர். நீர் எளிதில் சுருங்காது. எனவே தகட்டில் குறை இருந்தால் அது கசியுமே தவிர வெடித்துச் சிதறாது. ஆவியைச் சோதிக்க நீரையே கருவியாக்கிய இந்த அறிவை முதலில் கண்டவர்கள், பல விபத்துகளுக்குப் பிறகுதான் கண்டிருப்பார்கள்.

தீயறையின் கூரையில் ஈயம் நிறைத்த ஒரு செருகி இருக்கும். தண்ணீர் மட்டம் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஈயம் உருகும். அந்தத் துளை வழியே ஆவி சீறி வந்து எரிவோனை எச்சரித்துத் தீயையும் தணிக்கும். விரலளவு ஈயம் ஓர் எஞ்சினையும் இரண்டு உயிர்களையும் காக்கிறது.

அடுத்து உருளைகளும் உந்துதண்டுகளும். கடையில் வாங்க இயலாத உறுப்புகள் இவை. மரத்தில் அச்சு செய்து, மணலில் பதித்து, உலோகம் வார்த்து, கடைசல் எந்திரத்தில் இழைத்துத்தான் ஒவ்வொன்றையும் பெறவேண்டும். தேய்ந்த ஓர் உறுப்பை அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். அது பிறந்தபோது கொண்டிருந்த அளவைக் கையறிவால் உய்த்துணர வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை வைத்திருப்போர்க்கு இது புதிய செய்தி அன்று.

எது பழையது?

இங்கே ஒரு கேள்வி எழாமல் இராது. பகுதி பகுதியாகப் புதுப்பித்த எஞ்சின் 1855இன் எஞ்சின்தானா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழைய தகட்டில் ஒரு தறையாணியை அடித்தவனின் சுத்தியல் தடம்கூட ஒரு சான்று. அத்தகட்டை அகற்றினால் அந்தச் சான்றும் போகும். அருங்காட்சியகத்தார் பலர் ‘ஓட வேண்டா, இருக்கட்டும்’ என்று சொல்வது இதனால்தான்.

நம் மண்ணில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடைகளும் திருச்சி பெல் நிறுவனத்தால் பொருத்தப்பட்டன. அதன்பின் அதனை வேறு தேர் என்று எவரும் சொல்லவில்லை. வடம் பிடிக்க வருவோர் தொகையும் குறையவில்லை. ஓடுவதால்தான் அது தேர். எஞ்சினுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்றே தோன்றுகிறது. ஆயினும் ஒரு நிபந்தனை வேண்டும்: கழற்றிய பழைய உறுப்பு பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடாது. எங்கிருந்து எடுக்கப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்று எழுதிய சீட்டுடன் அதுவும் காக்கப்படவேண்டும். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் மீட்பு என்பது பாதி அழிவே.

நிறுத்திவைப்பதும் காவல் ஆகாது என்பதற்கு 21இன் உடன்பிறப்பே சாட்சி. அதே ஆண்டில் அதே நிறுவனம் செய்த 22ஆம் எண் எஞ்சின் ‘ஃபேரி குயின்’. 1997இல் அது மீண்டும் இருப்புப்பாதைக்கு வந்து, தில்லிக்கும் அல்வாருக்கும் இடையே சுற்றுலா வண்டியை இழுத்து, இயங்கும் எஞ்சின்களுள் மிகப் பழையது என்று 1998இல் கின்னஸ் பதிவும் பெற்றது. 2011இல் அதன் முதன்மையான உறுப்புகள் பல திருடப்பட்டன. உலகம் அறிந்த எஞ்சினுக்கே இந்நிலை! அதனையும் பெரம்பூருக்கே கொண்டுவந்தனர். 2012 திசம்பரில் அது மறுபடி சோதனை ஓட்டம் கண்டது.

கைகளில் இருந்த கல்வி

இரும்பைவிட விரைவாக அழிவது ஒன்று உண்டு. இந்தியாவில் நீராவி எஞ்சின் உற்பத்தி 1972இல் முடிந்தது. அகலப்பாதையில் நீராவியின் வழக்கமான சேவை 1995இல் நின்றது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து 21ஆம் எண் எஞ்சின் ஆவடிக்கு ஓடியபோது, நீராவித் தொழிலைக் கற்றவர்களுள் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருக்கவேண்டும். நிலக்கரியைத் தீயறையில் எந்த மூலையில் எவ்வளவு எறிய வேண்டும், புகையின் நிறம் என்ன சொல்கிறது, ஆவி ஒழுகும் ஒலி எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்பவை நூலில் முழுமையாக எழுத வராத பாடங்கள். ஒருவர் அருகில் மற்றொருவர் நின்று பார்த்துக் கற்பவை. தீ இருந்தால்தான் அந்தப் பள்ளி நடக்கும்.

சென்னையின் டிராம் வண்டிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1895இல் மின்னாற்றலால் ஓடத் தொடங்கிய அவ்வண்டிகள் 1953இல் நின்றுபோயின. தெருக்களில் தண்டவாளம் இல்லை. அவற்றை ஓட்டிய, பழுதுபார்த்த கைகளின் வித்தையும் இன்று இல்லை. கல்கத்தா தன் டிராமை அதன்பின்னும் பல பத்தாண்டுகள் ஓட்டியது.

எக்ஸ்பிரஸ் அந்த ஒருநாள் ஓட்டத்தோடு நின்றுவிடவில்லை. பின்னர் எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையிலும் ஓடியது. ஓட்டம் என்று மக்கள் காண்பது சில மணி நேரமே. அதற்குப் பல மணி நேரம் முன்பே சிறுதீ மூட்டி, தகடுகளெல்லாம் ஒரு சீராக விரியும்படி மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் இணைப்புகள் விலகிக் கசியும். ஓடி முடிந்து கூட்டம் கலைந்த பின்னரும் வேலை உண்டு. தீயைக் கலைத்துச் சாம்பலை அள்ளவேண்டும். கொதிகலன் தானாகக் குளிரும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு அடித்திறப்புகளைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி, உள்ளே படிந்த சுண்ணாம்புக் கசட்டை, வெளிவரும் நீர் தெளியும்வரை கழுவிவிட வேண்டும்.